பாலம் தாண்டினால் பாதி

செத்தவர்கள்மேல் பழியைப் போடும் ஒரு வாக்கியத்தை நான் எழுதியிருக்கிறேன். எழுதியதோடு நிற்காமல் என் குரலிலேயே வாசித்தேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் முழு வாக்கியமும் பொய். வாசிக்கும்போதே அது எனக்குத் தெரியும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று தள்ளினால் சொல்லமாட்டேன். என்னை எனக்குத் தெரியும். வானொலியின் தமிழ்ச் செய்தி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவங்களை எழுதித் தரும்படி உங்கள் செய்தி ஆசிரியர் ரிஸ்வானா கேட்டார். உச்சரிப்பு, மொழிபெயர்ப்பு, நேரக்கணக்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன். மறுபடியும் எழுதிக் கிழித்தேன். அதெல்லாம் உங்களுக்குத் தானாகக் கைவந்துவிடும். மழை நாளில், தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறும்போது, எந்தத் துயரம் உங்களுக்குப் பெரிதாகத் தெரியும், எது சிறிதாகத் தெரியும், அது ஏன் என்பதை யாரும் சொல்லித்தரமாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. இன்னொன்றைத்தான் சொல்லித்தந்தார்கள்.

எனக்குத் தொழில் பழக்கிய ஆசிரியரின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் நிலையம் இருக்கும் கண்டியிலிருந்து தெல்தெனியப் பக்கம் போகிறவர்கள் தென்னக்கும்புரவில் மகாவலியைக் கடக்க வேண்டும். அந்தப் பாலம்தான் அவருடைய அளவுகோல். "பாலம் தாண்டினா பாதி" என்பார். பாலத்துக்கு இந்தப் பக்கம் நடந்த விபத்துக்கு ஒரு நிமிடம் கொடுத்தால், அந்தப் பக்கம் நடந்ததற்கு அரை நிமிடம். மலை ஏறிவிட்டால் அதிலும் பாதி. வெளிநாடு என்றால், ஊரே அழிந்திருந்தாலும் ஒரு வரி.

"சாவுல என்னங்க சேர் கிட்டயும் தூரமும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தலவலியும் காச்சலும் தனக்கு வந்தாத்தான்டா தெரியும்" என்றார். "கேக்கிறவன் அப்புடித்தான். நாம கேக்கிறவனுக்கு வேல செய்றோம். செத்தவன் ரேடியோ கேக்க மாட்டான்."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அதனால்தான் அது என் எலும்புக்குள் இறங்கியது. அவர் போன பிறகு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அந்தப் பழமொழியும் என்னோடு உட்கார்ந்தது.

நான் சொல்லப்போகும் அந்த நாளுக்கு முன்பே பல நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. என் வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம், கெலிஓயாவில். வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முனையில் ஒரு பேக்கரி. அதன் முதலாளி முஸ்லிம்; அவரை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். மாலையில் அவர் போறணை அடுப்பிலிருந்து ரோஸ் பாண் எடுக்கும் வாசனை எங்கள் வீட்டுக் குசினிவரை வரும். அன்று காலையில் பேக்கரிக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து, போறணையையும் பின்வீட்டையும் மூடிவிட்டது. நான் அலுவலகத்தில் இருந்தேன். நானா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சேர், எல்லாம் போயிட்டு சேர். பொண்டாட்டிட கால் மண்ணுக்குள்ள. இழுக்கிறாங்க. கத்துறா சேர், கேக்குதா?"

கேட்டது. அரை மணி நேரத்தில் அவர் மனைவியை மீட்டுவிட்டார்கள். கால் முறிந்திருந்தது, உயிருக்குப் பயமில்லை. ஆனாலும் அந்தக் கத்தல் என் காதை விட்டுப் போகவில்லை. நண்பகல் செய்தி ஐந்தே நிமிடம். அதில் நானாவைத் தொலைபேசியில் நேரடியாகப் பேசவைப்பதென்று முடிவு செய்தேன்.

அதே வேளையில் மாவட்டச் செயலகத்திலிருந்து மண்சரிவு எச்சரிக்கை வந்தது. வழக்கம்போலச் சிங்களத்தில். உடனே வெளியேற வேண்டிய இடங்களின் பெயர்கள் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. அப்போது மேசையில் ஆக இளையவர் ரிஸ்வானா. அவர்தான் தமிழாக்கிக்கொண்டிருந்தார்.

"சேர், மிச்சப் பேரெல்லாம் எங்க போடுற? இன்னம் ஒரு பக்கம் ஈக்கி."

"நானாவோட பேச்சுக்கே ரெண்டு நிமிசம் போயிரும். கெலிஓயா, கம்பளை ரோட்டுப் பக்கம், டவுனச் சுத்தி உள்ளது, அதப் போடுங்க. மத்ததுக்கு 'ஏனைய சில பகுதிகள்'னு போட்டு முடிங்க."

"தெல்தெனியக்கு மேல உள்ள தேயிலைத் தோட்டமெல்லாம்?"

"பகல்ல யாரும்மா மலையில ரேடியோ கேக்கிறா? கொழுந்துக்குப் போயிருப்பாங்க. பாலம் தாண்டினா பாதி, ஒங்களுக்கு இன்னும் யாரும் சொல்லித்தரலியா?"

மேசை சிரித்தது. ரிஸ்வானா சிரிக்கவில்லை. "ஒரு பேருக்கு ஒரு செக்கன்தான் சேர் போகும்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நானா இணைப்பில் வந்துவிட்டார்.

அவர் அழுதுகொண்டே பேசினார். நல்ல ஒலிபரப்பு. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த பையன்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு எச்சரிக்கையை வாசித்தேன். 'ஏனைய சில பகுதிகள்' என்றேன். பிறகு பாட்டுப் போட்டார்கள்.

பொழுது சாயும்போது ஏழுமரத் தோட்டத்தில் மலை இறங்கியது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவை அங்கே பணியக்கணக்கு என்பார்கள். அந்தப் பணியக்கணக்கில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் ஒரு கோடி முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. செய்தியைக் கொண்டுவந்து வைத்தவர் ரிஸ்வானா. பகல் வந்த சிங்களத் தாளையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். 'ஏழுமரம், பணியக்கணக்கு' என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

எனக்கு வந்தது துக்கம் அல்ல. பயம். யாராவது கேட்டால்? பேனாவை எடுத்து இரவுச் செய்திக்கு எழுதினேன்: "முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த பகுதியிலேயே இந்த அனர்த்தம் நிகழ்ந்துள்ளது."

எச்சரிக்கை விடுக்கப்பட்டது உண்மை. அது அவர்கள் காதுக்குப் போனதா என்பதை அந்த வாக்கியம் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டது. இந்தத் தொழிலில் இருபது, முப்பது வருடம் இருந்த ஒருவனுக்குத்தான் அப்படி எழுத வரும். உங்களுக்கும் வரும். அந்த நாளில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை, நேயர்கள் பேசும் நிகழ்ச்சியில் நகரத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்தார். "தோட்டத்து ஆக்களுக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறாதுங்க. ரெண்டு கோழிய விட்டுட்டு வர மனசு வராது. அப்புறம் அரசாங்கத்தத் திட்டுவாங்க." அறிவிப்பாளர் "உண்மைதாங்க, சொன்னாக் கேக்கணும்" என்றார். நான் அடுத்த அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்துபோய் நிறுத்தியிருக்கலாம். கோப்பையைக் கழுவி வைத்தேன்.

அன்று மாலை நானாவின் மனைவியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். நானா என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று. அது நடிப்பல்ல. அதே நேரத்தில் ஏழுமரத்தில் சவக்குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

ஏன் வரவில்லை? இதை நான் எத்தனையோ தடவை என்னிடம் கேட்டிருக்கிறேன். தூரம் என்றால் எவ்வளவு தூரம்? கம்பளை ரோட்டு நெரிசலில் பஸ் சிக்கினால், நான் கெலிஓயா போய்ச் சேரும் நேரத்தில் இன்னொருவர் தெல்தெனியவுக்குப் போய்த் தேநீரும் குடித்துவிடலாம். அந்தத் தோட்டத்து ஆட்கள் என் மொழி பேசுகிறவர்கள். என்னைப் போலவே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நானாவோ வேறு மார்க்கம். இனம், மதம் என்று எந்தக் கணக்குப் போட்டாலும் விடை வரவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கெலிஓயா எனக்கு ஒரு வாசனை. ஏழுமரம் ஒரு பெயர். அதுவும் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட பெயர். வாசனை போனால் மனம் பதறும். பெயர் போனால் நேரம் மிச்சமாகும்.

எல்லாச் சாவுக்கும் ஒரே அளவு அழுங்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். முடியாது. முடிந்தால் எவரும் இந்த மேசையில் ஒரு வாரம் உட்கார முடியாது. மனம் ஓரவஞ்சனை செய்யும், செய்யட்டும். பேனா செய்யக் கூடாது. ஆனால் இதைப் புத்தி சொல்வதுபோல் எழுதிவிட்டு நகர எனக்கு உரிமை இல்லை. நடந்ததை முழுவதும் சொல்கிறேன்.

மழை ஓய்ந்த பிறகும் எனக்கு நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது. எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. ரிஸ்வானா வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். ஒருநாள் என் மேசைக்கு வந்து, "சேர், அந்த வசனத்த எழுதினது நீங்க. நான் பேசாம நிண்டேன். எனக்கு அத வச்சிக்கொண்டு ஈக்க ஏலாம ஈக்கி. ஒங்களுக்கு எப்பிடி ஏலுது?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பாலம் தாண்டி, பல்லேகல விளையாட்டரங்கு தாண்டி, தெல்தெனியவில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில் மலை ஏறினேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தப்பியவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். ஆரோக்கியம் என்ற பெண்ணிடம் என்னை அனுப்பினார்கள். கொழுந்து பறிப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவரும் ஒரே மகளும் மண்ணுக்குள் போனவர்கள். விறகு எடுக்க மேல் லயத்துக்குப் போயிருந்ததால் அவர் மிஞ்சினார்.

"ரேடியோக்காரவுங்களா?" என்றார். "வாங்க. இப்ப எதுக்கு வந்தீங்க? இன்னிக்கி ஒண்ணும் இடியலியே."

நின்றுகொண்டே சொன்னேன். எச்சரிக்கையில் உங்கள் இடத்தின் பெயர் இருந்தது, நேரம் போதாதென்று நான்தான் வெட்டினேன், பிறகு பழி வராமலிருக்க அப்படி எழுதினேன் என்று சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கி மழைன்னு வேலய நிப்பாட்டிட்டாங்கய்யா. நாங்க மூணு பேரும் காம்பராவுலதான் இருந்தோம். ரேடியோ ஓடிக்கிட்டிருந்திச்சி. எம்மக துணியெல்லாம் கட்டிட்டா. 'அம்மா, கோயிலுக்குப் போயிருவோம்'னா. அவருதான், 'போன மழைக்கி நம்ம பேரு சொன்னாங்கள்ல, ஒடனே போனோம்ல? இப்பவும் பேரு சொல்லட்டும், போவோம்'னாரு. காதக் குடுத்துக்கிட்டே இருந்தோம். கெலிஓயா சொன்னீங்க. என்னென்னமோ ஊரெல்லாம் சொன்னீங்க. நம்மளது வரல. சரி, நமக்கில்லன்னு அவ கட்டுனத அவுத்துட்டா."

அவரே தொடர்ந்தார்.

"அதுக்கு முந்தி ஒரு பேக்கரிக்கார நானா அழுதாரு. பொஞ்சாதிக்குக் காலு ஒடஞ்சிருச்சின்னு. எம்மக 'ஐயோ பாவம்மா'ன்னு அழுதா. அவ அழுறதப் பாத்து நானும் அழுதேன்." என் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "அந்தம்மாவுக்குக் காலு சரியாயிருச்சா?"

சரியாகிவருகிறது என்றேன். எந்தப் பாலத்தைப் பற்றியும் எவரும் அந்த மகளுக்குச் சொல்லித்தரவில்லை. அவள் காதுக்குக் கெலிஓயாவின் அழுகை முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. துயரம் பாதியாகக் குறைந்தது எங்கள் பக்கம் வரும்போது மட்டும்தான்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்தார், ஈ ஓட்டுவதுபோல.

"அது கெடக்கட்டும். ஊரு பூராப் பேசுறாங்க, சொன்னதக் கேக்காமச் செத்தோம்னு. கோழிக்காக இருந்தோமாம். எங்ககிட்டக் கோழியே இல்லய்யா. எம்புருசன் பேரு சொன்னா எந்திரிச்சிப் போற மனுசன். எங்களுக்குச் சொல்லலன்னு அதே ரேடியோவுல, அதே நேரத்துல சொல்லுங்க. ஏலுமா ஒங்களால?"

ஏலும் என்றேன். திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஏலாது என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

திருத்தம் வாசிக்க அனுமதி கேட்டேன். மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "யாருமே கேக்கல. நீங்களா ஏன் கெளறுறீங்க? நாளைக்கி வழக்குன்னு வந்தா யாரு நிக்கிறது? ஓய்வுக்குக் கொஞ்ச காலந்தான் இருக்கு, பேசாம இருங்க." பேசாமல் இருந்தேன். வாரக்கணக்கில் இருந்தேன். திருத்தத்தை எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசிப்புக் கூடத்துக்குள் போவேன். வாசிக்காமல் வெளியே வருவேன். வேர்வையில் தாள் நைந்து, வேறு தாளில் எழுதுவேன். அதைவிடக் கேவலமான நாட்கள் என் வாழ்க்கையில் இல்லை. தவறு செய்த நாளில்கூட இவ்வளவு கேவலமாக உணரவில்லை.

கடைசியில் நான் துணிந்ததாகச் சொல்லமாட்டேன். ஒருநாள் வாசிப்புக் கூடத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிஸ்வானா நின்றார். என் சட்டைப் பையைப் பார்த்தார். அவ்வளவுதான். நண்பகல் செய்தியின் முதல் செய்தியாக வாசித்தேன்:

"ஏழுமரத் தோட்டத்துப் பணியக்கணக்கில் மண்சரிவில் இறந்தவர்கள் எச்சரிக்கையை அலட்சியம் செய்தவர்கள் அல்லர். எச்சரிக்கையில் அவர்களுடைய இடத்தின் பெயர் இருந்தது. அதை வாசிக்காமல் விட்டது இந்தச் செய்தி மேசை. விடச் சொன்னவன், இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் நான். பின்னர் அவர்கள்மேல் பழி விழும்படி எழுதியவனும் நான்."

அன்றோடு என்னை ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரவிடவில்லை. விசாரணை நடந்தது. ஓய்வு பெறும்வரை பழைய ஒலிநாடாக்கள் இருக்கும் அறையில் தூசி தட்டினேன். அது எனக்குப் போதாத தண்டனை. வேறொன்றுதான் சுட்டது. திருத்தம் வாசித்த மறுநாள், எங்கள் ஒழுங்கையிலேயே நானா திறந்திருந்த புதுக்கடைக்குப் பாண் வாங்கப் போனேன். அவர் பாணைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

"சேர், நான் அழுத அந்த ரெண்டு நிமிசத்துக்காகவா அந்தப் பேர வெட்டின?"

"ஒங்க மேல ஒரு பிழையும் இல்ல நானா."

"அது எனக்கும் தெரியும். ஆனா எண்ட பொண்டாட்டி நேத்துலேந்து சோறு திண்ணல்ல."

நான் என் பாரத்தை இறக்கியபோது அதில் ஒரு பங்கு அவர்கள் தோளில் விழுந்தது. பரிகாரம் என்பது சுத்தமான காரியம் என்று நினைக்காதீர்கள்.

எச்சரிக்கை வந்தால் எல்லாப் பெயர்களையும் வாசிப்பது என்ற வழக்கத்தை ரிஸ்வானா கொண்டுவந்தார். சில நாள் செய்தி முழுவதும் ஊர்ப் பெயர்களாகவே போகும். "இது செய்தியா, பள்ளிக்கூட இடாப்புக் கூப்பிடுறீங்களா?" என்று நேயர்கள் கேலி செய்வார்கள். உங்களுக்கும் அலுப்பாக இருக்கும். வாசியுங்கள்.

இனி ஒன்றுதான் மிச்சம். போன மழைக்காலம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் கதிரையில் சாய்ந்திருந்தேன். கூரையில் மழை கொட்டியது. மழை நாளில் நான் வானொலி வைப்பதில்லை; வைக்க முடிவதில்லை. தொலைபேசி அடித்தது. ஏழுமரத்துக்குப் போன அன்று, நானாவின் ஒழுங்கையில்தான் என் வீடும் என்று சொல்லி, என் இலக்கத்தை ஆரோக்கியத்திடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அவர் அதுவரை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. திருத்தத்தை வாசித்த பிறகும் கூப்பிடவில்லை.

"ஐயா, எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான்மா."

"ரேடியோ வச்சீங்களா?"

"இல்ல."

"நெனச்சேன். எங்க பேரு வந்திச்சி, நாங்க கோயிலுக்கு வந்துட்டோம். ஒங்க பேரும் வந்திச்சி. கெலிஓயா. நல்லாக் கேட்டேன். இன்னும் என்னத்துக்கு உள்ளுக்குக் குந்தியிருக்கீங்க? எந்திரிங்க!"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"பேசிக்கிட்டு நிக்காதீங்க. அந்தப் பேக்கரிக்கார அம்மாகிட்ட மொதல்ல சொல்லுங்க. காலு ஏலாதவுங்க, எறங்க நேரமெடுக்கும்."

குடையைத் தேடவில்லை. ஒழுங்கையில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடியது. நானாவின் கதவைத் தட்டினேன். அவர் திறந்தார். பின்னால் அவர் மனைவி ஊன்றுகோலோடு நின்றார். உடனே வெளியேறுங்கள், நம் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்றேன்.

"எங்கட ரேடியோ நிப்பாட்டித்தானே ஈக்கி" என்றார் நானா. "யாரு சேர் சென்ன?"

"ஏழுமரத்துலேருந்து" என்றேன்.